அடுக்களைச் சீலிங்கில் எக்ஸாஸ்ட் ஃபேன்: புகை எங்கே போகும்?

பாளையங்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது அடுக்களைக்கும் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். "அண்ணாச்சி, அதுலயே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனப் பதிச்சிருங்க, பாக்க லட்சணமா இருக்கும்" என்பார்கள். சரி, பதிக்கலாம். உறிஞ்சுகிற புகை எங்கே போகும் என்பதை அதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.

பழுது பார்க்கப் போகிற வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: ஃபேன் நன்றாக ஓடும், குழாய் வெளிச்சுவர் வரை போயிருக்காது. சீலிங்குக்கு மேலேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பலகையைக் கழற்றினால் மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கு, அதில் அப்பிய ஒட்டடை, கரப்பான் முட்டை, நடுவே லைட்டுக்குப் போகிற வயர். சாளை பொரித்த வாடை மறுநாளும் போகாததற்குக் காரணம் அங்கே இருக்கிறது. வாடையாவது பரவாயில்லை, எண்ணெய் ஊறிய ஒட்டடை எளிதில் தீப்பிடிக்கும்.

குழாய் வெளிச்சுவரைத் தாண்ட வேண்டும். நீளம் குறைவாக, வளைவு ஒன்றோடு, வெளிப்பக்கம் லேசான சரிவோடு இருக்கட்டும். ஃபேனின் வாய் ஆறு இஞ்ச் என்றால் குழாயும் ஆறு இஞ்ச். மிச்சம் கிடக்கிறதே என்று நாலு இஞ்ச் பிவிசியைச் செருகினால் சத்தம்தான் கூடும்.

எந்தச் சுவர்? ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றைப் பற்றித் தென்காசி, கடையம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே வாய் வைத்தால் அந்தக் காற்று புகையை அடுக்களைக்குள்ளேயே திருப்பித் தள்ளும். நல்லவேளையாக வாஸ்து பார்க்கிறவர்கள் அடுக்களையை அக்னி மூலையில் வைப்பதால் கிழக்குச் சுவர் பெரும்பாலும் கிடைத்துவிடும். எந்தச் சுவரானாலும் வெளிவாயில் தானாக மூடும் ஷட்டர் போடுங்கள், அணிலும் புறாவும் வராது.

அளவுக்கு ஒரு கணக்கு. 10க்கு 8 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 800 கன அடி. மணிக்கு 15 முறையாவது காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 12,000 கன அடி, அதாவது சுமார் 340 கன மீட்டர். ஃபேன் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் குழாய் மாட்டாத கணக்கு, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், மோட்டார் சூடு தாங்காது. ஃபேன் ஓடும்போது எதிர்ப்பக்கக் கதவு திறந்திருக்கட்டும். உள்ளே காற்று வராமல் வெளியே எதுவும் போகாது.

எர்த் வயர் இல்லாமல் இணைப்பு கொடுக்க விடாதீர்கள்.

அப்புறம், கேஸ் வாடை அடித்தால் பலரும் முதலில் போடுவது இந்த ஃபேனைத்தான். போடவே கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். மேலே இருக்கிற ஃபேன் அதைச் சரியாக இழுக்காது, சுவிட்சில் வரும் சின்னப் பொறி போதும், பற்றிக்கொள்ளும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள்.