கென்கென் என்னும் பாத்திப்புதிர்

கென்கென்: பெயர்ச்சொல். சதுரமான ஒரு கட்டத்தைத் தடித்த கோடுகளால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மூலையிலும் ஓர் எண்ணையும் ஒரு கணக்குக் குறியையும் கொடுத்து, அத்துண்டுக்குள் எழுதும் எண்களை அக்குறிப்படி கணக்கிட்டால் மூலை எண் கிடைக்குமாறும், எந்தக் கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் ஓர் எண் இருமுறை வராதவாறும் அறைகளை நிரப்பச் சொல்லும் புதிர். நான்குக்கு நான்கு கட்டமானால் 1 முதல் 4 வரையிலும், ஆறுக்கு ஆறு கட்டமானால் 1 முதல் 6 வரையிலும் எண்களைப் பயன்படுத்த வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் கலந்து வருவது வழக்கம். பெருக்கல் மட்டும் வருவதும் உண்டு. என் கருத்தில் பெருக்கல் மட்டும் வரும் வகையே இவற்றுள் சிறந்தது. அதற்கான காரணம் இச்சொல்லுக்கு நான் முன்வைக்கும் தமிழ்ப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இப்புதிரை 2004ஆம் ஆண்டு உருவாக்கியவர் டெட்சுயா மியாமோட்டோ என்னும் ஜப்பானியக் கணித ஆசிரியர். (கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான், எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆண்டை நினைவில் வைக்க இது உதவும்.) கற்பிக்காமல் கற்பிப்பது என்பது அவருடைய கொள்கை, மாணவர்கள் விதியை மட்டும் தெரிந்துகொண்டு தாமாகவே முட்டி மோதி விடைக்கு வரட்டும் என்பதற்காகவே இதை அமைத்தார். ஜப்பானிய மொழியில் அவர் வைத்த பெயருக்கு ‘அறிவாளி ஆக்கும் புதிர்’ என்பது பொருள். ‘கென்’ என்றால் அறிவு அல்லது கூர்மதி. அதை இரட்டித்து ‘கென்கென்’ என்று அமைத்து, அறிவை அறிவால் பெருக்கியது என்று விளக்கம் சொல்வார்கள். லண்டனின் டைம்ஸ் நாளிதழ் 2008இலும் நியூயார்க் டைம்ஸ் 2009இலும் இதை வெளியிடத் தொடங்கிய பிறகு உலகெங்கும் பரவியது. கென்கென் என்பது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர் ஆதலால் மற்றவர்கள் இதே புதிரை ‘மேத்டோகு’ என்றும் ‘கால்குடோகு’ என்றும் வேறு பெயர்களில் வெளியிடுகிறார்கள்.

இந்த ‘டோகு’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சற்றே சிரிப்பு வரும். அது சுடோகுவிலிருந்து வெட்டி எடுத்த வால். சுடோகுவை ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இன்று நாம் அறிந்த வடிவில் அதை அமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ஹோவர்ட் கார்ன்ஸ். 1979இல் அது ஓர் அமெரிக்கப் புதிர் இதழில் வேறு பெயரில் வந்தது. 1984இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்து வெளியிட்டபோது, ‘எண்கள் மணமாகாமல் தனித்தே இருக்க வேண்டும்’ என்னும் பொருள்படும் நீண்ட பெயரை வைத்தது. அதன் சுருக்கமே ‘சுடோகு’. ‘சு’ என்பது எண். ‘டோகு’ என்பது தனிமை. நம் வழக்கில் சொன்னால், எண்கள் ஒண்டிக்கட்டையாக நிற்கும் புதிர். ஆகவே ‘கால்குடோகு’ என்பதற்கு நேரே பொருள் கொண்டால் ‘கணக்குத் தனிமை’ என்றுதான் ஆகும். இதைப் பின்பற்றிச் சிலர் தமிழில் ‘கணக்குடோகு’ என்று ஒட்டுப் போடுகிறார்கள். ஒட்டு மாங்கன்று காய்க்கும். ஒட்டுச் சொல் எப்போதும் காய்ப்பதில்லை.

‘கட்டப்புதிர்’ என்னும் பெயரும் புழங்குகிறது. கட்டம் நல்ல சொல்தான். தாயக்கட்டம், ஜாதகக் கட்டம், கட்டம் போட்ட லுங்கி என்று அதற்கு வாழ்க்கை உண்டு. ஆயினும் அதில் இரண்டு குறைகளைக் காண்கிறேன். முதலாவது, முழுச் சதுரத்தையும் கட்டம் என்கிறோம், அதற்குள் இருக்கும் ஒரு சிறு சதுரத்தையும் கட்டம் என்றே சொல்கிறோம். ‘இந்தக் கட்டத்தில் 3 வராது’ என்று நான் சொன்னால் எந்தக் கட்டம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இக்கட்டுரையில் முழுமையைக் கட்டம் என்றும் உள்ளே இருப்பதை அறை என்றும் வழங்குகிறேன். இரண்டாவது குறை பெரியது. சுடோகு, குறுக்கெழுத்து, மாயச் சதுரம் எல்லாமே கட்டப்புதிர்கள்தாம். கென்கென்னை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கட்டம் அன்று, அந்தத் தடித்த கோடுகள்.

தடித்த கோட்டால் அடைபட்ட துண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘கூண்டு’ என்று வரும். கிளிக்கூண்டு, எலிக்கூண்டு, சாட்சிக்கூண்டு என்று நம் காதில் விழும் கூண்டுகள் அனைத்தும் உள்ளே இருப்பதை வெளியே விடாத பொருள்கள். இப்புதிரிலோ எண் எதுவும் சிறைப்படுவதில்லை. ஒரு துண்டில் 4 விழுந்தால் அதன் விளைவு கோட்டைத் தாண்டி அந்த வரிசை முழுவதும் பரவுகிறது. கூண்டு பொருந்தாது என்று எனக்குத் தோன்றிய போதிலும் பொருந்தும் சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மாணவி கொடுத்தாள்.

காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒருமுறை கரும்பலகையில் கென்கென் கட்டம் ஒன்றை வரைந்து, தடித்த கோடுகளைச் சாக்கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாமந்தி போட்டிருக்கும் ஒரு பெண் எழுந்து, “வரப்புக்கு இந்தாண்ட இருக்கறத மட்டும்தான பெருக்கணும், சார்?” என்று கேட்டாள். தடித்த கோடு வரப்பு என்றால் வரப்புக்குள் இருப்பது பாத்தி. அவள் பாத்தி என்று சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பாத்தி என்பது, வரப்போ கரையோ கட்டிப் பிரித்த சிறு நிலத் துண்டு. கீரைப் பாத்தி, நாற்றுப் பாத்தி என்பன நாம் நாள்தோறும் சொல்பவை. கடற்கரையில் உப்புப் பாத்தி உண்டு. சொல் மிகப் பழையது. அறிவுடையார் அவையில் பேசுவது, தானே வளரும் பயிர் நின்ற பாத்தியில் நீர் ஊற்றியது போன்றது என்பது திருக்குறளின் 718ஆம் குறள்: ‘வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று’. ஆராயாமல் செயலில் இறங்குவது பகைவரை நல்ல பாத்தியில் நட்டு வளர்ப்பது போன்றது என்கிறது 465ஆம் குறள். ஓசூர், தளிப் பக்கத்துக் கன்னட வீடுகளிலும் தெலுங்கு வீடுகளிலும் இதற்கு இனமான சொற்கள் உண்டு. எனவே மூன்று மொழி பேசும் எங்கள் மாவட்டத்து வகுப்பறையில் இச்சொல்லை விளக்க வேண்டிய வேலை மிகக் குறைவு.

இதைவிட முக்கியமானது அதன் வேர். பாத்தி என்பது ‘பகு’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. பகுதி என்பது பாதி ஆனதையும், பகுத்து உண்பது பாத்தூண் ஆனதையும் போல, இடையிலுள்ள குகரம் கரைந்து முதலெழுத்து நீண்டிருக்கிறது. பகுத்து வைத்த நிலம் பாத்தி. இந்தப் ‘பகு’ கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. தன்னாலும் ஒன்றாலும் அல்லாமல் வேறெதனாலும் மீதியின்றிப் பகுபடாத எண் பகா எண். அப்படிப் பகுபடுவது பகு எண். பெருக்கல் மட்டும் வரும் கென்கென்னை விடுவிப்பது என்பது மூலை எண்ணைப் பகுத்துப் பார்ப்பதே அன்றி வேறில்லை. நிலத்தைப் பகுத்ததும் எண்ணைப் பகுப்பதும் ஒரே வேரில் வந்து நிற்பதனால், கென்கென்னுக்குப் ‘பாத்திப்புதிர்’ என்பதே தக்க தமிழ்ச் சொல் என்று கருதுகிறேன். பெருக்கல் மட்டும் வரும் வகையைப் ‘பெருக்கற்பாத்தி’ எனலாம். பெருக்கற்பலன் என்பதில் போலவே இதிலும் லகரம் றகரமாகத் திரியும்.

சொல் பொருந்துகிறதா என்பதை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். நான்குக்கு நான்கு கட்டம், எல்லாம் பெருக்கல். முதல் கிடைவரிசையின் கடைசி அறை தனியே நிற்கிறது, அதில் 3. அதே வரிசையின் முதல் அறையும் அதன் கீழறையும் ஒரு பாத்தி, எண் 6. முதல் வரிசையின் இரண்டாம், மூன்றாம் அறைகளும், அந்த இரண்டாம் அறைக்கு நேர் கீழே உள்ள அறையும் சேர்ந்து வளைந்த பாத்தி, எண் 16. இரண்டாம் வரிசையின் மூன்றாம் அறையும் கீழறையும் 2. நான்காம் அறையும் கீழறையும் 8. மூன்றாம் வரிசையின் முதல் இரண்டு அறைகள் 3. கடைசி வரிசையில் முன்னிரண்டு 8, பின்னிரண்டு 3. தாளில் வரைந்துகொண்டு மேலே படிப்பது நல்லது.

1 முதல் 4 வரையுள்ள எண்களில் 6ஐத் தருவது ஈர்மூன்று மட்டுமே. முதல் வரிசையில் 3 ஏற்கெனவே இருப்பதால் அவ்வரிசையின் முதல் அறையில் 2, அதன் கீழே 3. இனி முதல் வரிசையின் நடு இரண்டு அறைகளுக்கு மிஞ்சுவன 1, 4. இப்போது வளைந்த பாத்தியைப் பாருங்கள். மூன்று எண்களைப் பெருக்கி 16 பெற இரண்டே வழிகள் உள்ளன: 1, 4, 4 அல்லது 2, 2, 4. வளைவின் இரு முனைகளும் ஒரே வரிசையில் இல்லாததால் அவற்றில் ஒரே எண் வருவதற்குத் தடையில்லை. முதன்முறை ஆடுபவர்கள் இதை மறந்துவிட்டு ‘ஒரே எண் இரண்டு தரம் வரக்கூடாதே’ என்று திகைத்து நிற்பார்கள். விதி வரிசைக்குத்தான், பாத்திக்கு இல்லை. இரண்டாவது வழியைக் கொண்டால் முனையில் 2 வர வேண்டும், ஆனால் முதல் வரிசையில் 2 முடிந்துவிட்டது. ஆகவே வளைவில் 1, முனைகளில் 4, 4. முதல் வரிசை 2, 1, 4, 3 என்று நிறைவடைகிறது. இரண்டாம் வரிசையில் 3, 4 வந்துவிட்டன. மிஞ்சுவன 1, 2. கடைசி அறை 8 என்னும் பாத்தியைச் சேர்ந்தது, எட்டு கிடைப்பது ஈர்நான்கில் மட்டுமே, எனவே அங்கே 2, அதன் கீழே 4. மூன்றாம் அறையில் 1, அதன் கீழே 2. மூன்றாம் வரிசையின் பாத்தியில் 1, 3 வர வேண்டும். முதல் நெடுவரிசையில் 3 இருப்பதால் முதலில் 1, பிறகு 3. மடையைத் திருப்பியது போல மற்றவை தாமே நிரம்பும்: கடைசி வரிசை 4, 2, 3, 1.

எங்கும் ஊகம் செய்யவில்லை, அழிக்கவும் இல்லை. கட்டம் பெரிதானால் பகா எண்களின் பயன் இன்னும் கூடும். ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்திலும் 5இன் மடங்காக 5 மட்டுமே வர முடியும், 7க்கும் அப்படியே. ஆனால் 2 என்னும் காரணி 4, 6, 8 ஆகியவற்றிலும், 3 என்னும் காரணி 6, 9 ஆகியவற்றிலும் ஒளிந்துகொள்ளும். மூலையில் 35 இருந்து பாத்தியில் இரண்டு அறைகளே இருந்தால் ஐயேழ் என்று முடிந்தது. கூட்டலில் இந்த வசதி இல்லை. 10ஐக் கூட்டிப் பெற வழிகள் பல. பெருக்கல் மட்டும் வரும் வகை சிறந்தது என்று முதலில் சொன்னது இதனால்தான்.

பெருக்கல் என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெருகு என்பதன் பிறவினை பெருக்கு. ஒகேனக்கல்லில் ஆடி 18 அன்று கூட்டம் கூட்டமாகக் கொண்டாடும் ஆடிப்பெருக்கிலும் அதே பெருக்கம்தான். ஆயினும் 1ஆல் பெருக்கினால் எதுவும் பெருகுவதில்லை. பாத்திப்புதிரில் அதிகம் ஏமாற்றுவது இந்த 1; பெருக்கற்பலனில் தடயமே விடாது. வாய்ப்பாட்டைத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் ‘எக்கம்’ என்றும் கன்னட வீட்டுப் பிள்ளைகள் ‘மக்கி’ என்றும் சொல்வார்கள். எந்த மொழியில் ஒப்பித்தாலும் வாய்ப்பாடு 6லிருந்து 12க்குப் போகும் வழியைத்தான் பழக்குகிறது. 12லிருந்து திரும்பி 2, 6 என்றும் 3, 4 என்றும் பிரிந்து போகும் வழியைப் பழக்குவது இப்புதிர்.

மிச்சமிருந்தது ஒரே அறை கொண்ட பாத்தி. மேலே உள்ள கணக்கில் 3 தனியே நின்றதே, அதற்கு என்ன பெயர்? ஒரே செடிக்கு யாரும் பாத்தி கட்டுவதில்லை. அதே பெண்ணிடம் கேட்டேன். “மாங்கன்னு நட்டா குழிதான சார் எடுப்போம்” என்றாள். குழி என்பது பழைய நில அளவையில் ஒரு சதுரப் பரப்பின் பெயர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் பழைய தமிழ் வாய்ப்பாட்டுக்குக் குழிமாற்று என்று பெயர். அன்று முதல் எங்கள் வகுப்பில் ஓரறைப் பாத்தியைக் குழி என்றே வழங்குகிறோம்.