இரண்டாவது டாங் வாங்கும் முன்

போன வருடம் ஆடி மாதம், அண்ணா நகரில் ஒரு வீட்டுக்கு வழக்கமான தண்ணீர் மாற்றும் வேலைக்குப் போயிருந்தேன். நாலடி மெரைன் தொட்டி, அதாவது கடல்மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி. உள்ளே ஒன்றரை வருடமாக மஞ்சள் டாங் என்ற கடல்மீன் ஒன்றே ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் அதற்குத் துணையாக ஒரு பவுடர் ப்ளூ டாங்கை வாங்கி விட்டிருந்தார்கள். "ரெண்டு நாள் முறைச்சுக்கும், அப்புறம் பழகிடும்னு கடையில சொன்னாங்கண்ணா" என்றார் வீட்டுக்காரத் தம்பி.

வாளியை ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டியின் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மஞ்சள் டாங் மேல் துடுப்பையும் கீழ்த் துடுப்பையும் முழுதாக விரித்துக்கொண்டு புதிய மீனுக்கு இணையாகப் போய் நின்றது. உடம்பு இரண்டு மடங்கு உயர்ந்தது போல் இருந்தது. அடுத்த நொடி தலையைத் தாழ்த்தி, வாலை அதன் பக்கம் திருப்பி ஒரு வீச்சு. வாலடியில் வெள்ளையாக ஒரு முள் இருக்குமே, அதுதான் ஆயுதம். இந்தக் குடும்பத்துக்கே அறுவை மருத்துவர் மீன் என்று பேர் வந்தது அந்த முள்ளால்தான். பவுடர் ப்ளூவின் விலாவில் பிளேடால் கீறினது போல மூன்று கோடுகள். அது மூலையில் ஒடுங்கி, செவுள் படபடக்க நின்றது.

அந்த மீன் ஒன்பதாவது நாள் செத்தது. கீறலால் இல்லை, வெள்ளைப்புள்ளி நோயால். மஞ்சளுக்கும் தொற்றியது.

பதினான்கு வருடமாகச் சென்னையில் மெரைன் தொட்டிகளைப் பராமரித்து வருகிறேன். ஒன்றுக்கு மேல் டாங் வைத்த வீடுகளில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பகுதி இப்படித்தான். சண்டையில் மீன் பயந்து ஒதுங்கும், சாப்பாட்டை விடும், எதிர்ப்புச் சக்தி போகும், நோய் முடித்து வைக்கும். "குணம் கெட்ட மீன்" என்று மஞ்சளைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அது தன் வீட்டைக் காக்கிறது. நாம்தான் அதை ஒன்றரை வருடம் தனியாக விட்டு, இந்தத் தொட்டி முழுக்க உன்னுடையது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

கடலில் இவை என்ன செய்கின்றன என்று தெரிந்தால் இது புரியும். டாங்குக்குப் பகல் முழுக்க மேய்ச்சல்தான் வேலை. பாறையில் படிந்த பாசி அதன் வயல். அந்த வயலைக் காத்து நிற்கும் இனங்கள், அதே பாசியைத் தின்ன வரும் மீனைத்தான் முக்கியமாக விரட்டும். ஆகவே வாயும் உடம்பும் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டாங்குகளுக்குள்தான் பகை அதிகம். மஞ்சள் டாங்கும் செயில்ஃபின் டாங்கும் ஸீப்ராசோமா என்ற ஒரே பேரினம். அவற்றைச் சேர்க்கக் கூடுதல் கவனம் வேண்டும். கோல் டாங்குக்குப் பற்கள் சீப்பு மாதிரி இருக்கும். பாறை மேல் படியும் மெல்லிய படலத்தைச் சீவித் தின்னும். உணவு வேறு என்பதால் மற்ற டாங்குகள் பெரும்பாலும் அதைச் சீக்கிரம் விட்டுவிடும். பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன்தான், மாலத்தீவுப் பக்கம் நிறைய உண்டு. அழகுக்குச் சமமாகக் கோபமும் உண்டு. செங்கடல் சோஹல் டாங்கை இன்னொரு டாங் இருக்கும் வீட்டுத் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை.

கடலில் இன்னொரு காட்சியும் உண்டு. வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடு போட்ட கன்விக்ட் டாங்குகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வந்து, காவல் இருக்கும் மீனின் பாசித் தோட்டத்தில் இறங்கிவிடும். காவல்கார மீன் ஒன்றை விரட்டும், இரண்டை விரட்டும், அதற்குள் மற்றவை தின்றுகொண்டிருக்கும். யாரை விரட்டுவது என்று தெரியாமல் அதன் வேகம் சிதறிப்போகும். ஒரு டாங்கை மட்டும் புதிதாக விடுவதைவிட இரண்டு மூன்றை ஒன்றாக விடுவது ஏன் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒருவனே அடி வாங்குவதில்லை, அடி பங்கு பிரிந்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு நாலடித் தொட்டியில் ஐந்து டாங்கை ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். இடம் இருந்தால்தான் இந்தக் கணக்கு வேலை செய்யும்.

இடம் என்றால் முதலில் நீளம். துரத்துகிற மீன், எதிரி கண்ணிலிருந்து மறைந்தால் நிறுத்திக்கொள்ளும். நாலடியை டாங் ஒரே வீச்சில் கடந்துவிடும், ஓடுகிறவனுக்கு மறையவே நேரமில்லை. மூன்று டாங் வேண்டுமென்றால் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பதே என் குறைந்தபட்சக் கணக்கு. கிட்டத்தட்ட 680 லிட்டர். தண்ணீர் மட்டும் 700 கிலோவுக்குப் பக்கம்; பாறை, கண்ணாடி, ஸ்டாண்ட் தனி. அடுக்குமாடி வீடென்றால் பொறியாளரிடம் கேட்டுவிட்டுத் தொட்டி சொல்லுங்கள். பாறைகளைச் சுவர் மாதிரி அடுக்காமல் இரண்டு மூன்று தனிக் குன்றுகளாக வையுங்கள். சுற்றி வந்து மறைய வழி வேண்டும். கடைகளில் விரல் நீளத்தில் பார்க்கும் நீல டாங் வளர்ந்தால் ஒரு அடி. நேசோ டாங் அதையும் தாண்டும். மஞ்சள் டாங் கடலில் முப்பது வருடத்துக்கு மேலும் வாழும். வாங்கும்போது பார்க்கிற அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்து வரிசை. சாதுவானதும் சின்னதும் முதலில், முரடு கடைசியில். கோல், பிறகு நீல டாங், பிறகு மஞ்சள், பவுடர் ப்ளூ வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் கடைசி. அல்லது எல்லாவற்றையும் ஒரே நாளில். ஏற்கெனவே ஒரு ராஜா உட்கார்ந்திருக்கும் தொட்டி என்றால், ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியில் புது மீனை வைத்து, அந்தப் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே நான்கைந்து நாள் தொங்கவிடுவேன். பார்க்கலாம், அடிக்க முடியாது. பழைய மீன் பெட்டியை மோதுவதை நிறுத்தி, அதைக் கடந்து போய் மேய ஆரம்பித்தால் திறக்கலாம். திறக்கும் நாளில் பக்கக் கண்ணாடிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைப்பேன். ராஜா தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் புது மீன் ஒளிய இடம் பார்த்துக்கொள்ளும். துடுப்பை விரிப்பது, ஒரு சுற்று துரத்திவிட்டுத் திரும்புவது எல்லாம் சரி, கவலை வேண்டாம். புது மீன் சாப்பிட வெளியே வரவே இல்லை, அல்லது கீறல் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் உடனே பிரித்துவிடுங்கள். "பழகிடும்" என்று காத்திருப்பதில்தான் மீன் போகிறது.

இத்தனையும் சரியாகச் செய்து, புது மீனை முதலில் நோய் பார்க்கத் தனித்தொட்டியில் வைக்காமல் விட்டால் எல்லாம் வீண். வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணமான கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி டாங்குகளை மிக எளிதில் பிடிக்கும். புள்ளி நான்கைந்து நாளில் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகி, திரும்பவும் நீந்தி வரும். பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் காப்பர் மருந்து போட முடியாது, அவை செத்துவிடும். ஆகவே புது டாங்கை முதலில் தனித்தொட்டியில் விட்டு, காப்பர் அளவைச் சோதித்துச் சோதித்து, 30 நாள் வைத்திருந்தே இறக்குகிறேன். நோய் ஏற்கெனவே புகுந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் போட்டுவைப்பது எங்கள் தொழிலில் பழகிவந்த கணக்கு. அண்ணா நகர் தொட்டியில் அதைத்தான் செய்தோம். தினமும் காலையில் வெறும் பாறையைப் பார்ப்பது அந்தத் தம்பிக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு விஷயத்தில் நோரி ஷீட் என்ற காய்ந்த கடற்பாசித் தாள் போதுமான துணை. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் உப்பு, எண்ணெய், மசாலா சேர்க்காததா என்று பாருங்கள். தொட்டியின் இரண்டு முனையிலும் நோரியைப் பிடிக்க ஒவ்வொரு கிளிப் மாட்டுங்கள். ஒரே கிளிப் என்றால் ராஜா அதற்கும் காவல் நிற்கும். வயிறு உள்வாங்கியிருந்தால் அந்த மீனுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று அர்த்தம். வலையில் டாங்கைப் பிடிக்காதீர்கள், முள் சிக்கிக் கிழியும். டப்பாவில் தண்ணீரோடு அள்ளுங்கள். என் வலது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு ஒரு செயில்ஃபின் போட்டது.

முடிந்தால் பண்ணையில் முட்டை பொரித்து வளர்த்த டாங்கை வாங்குங்கள். மஞ்சள் டாங்கை முட்டையிலிருந்து வளர்த்தெடுப்பது 2015இல்தான் ஹவாயில் முதல்முறையாக முடிந்தது. நீல டாங்குக்கு அது 2016இல் ஃபுளோரிடாவில் நடந்தது. பண்ணை மீன் விலை கூடத்தான். பெல்லட் தீவனம் பழகியே வருகிறது, கடலிலிருந்து பிடித்ததும் பட்டினியாக வரும் பயணமும் அதற்கு இல்லை.

அண்ணா நகர் மஞ்சள் பிழைத்துக்கொண்டது. தை மாதம் அங்கே ஆறடித் தொட்டி வைத்தோம். "மஞ்சளை முதல்ல மாத்திடலாமாண்ணா?" என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு கோல் டாங்கும் ஒரு சின்ன நீல டாங்கும் இப்போது என் தனித்தொட்டியில் இருக்கின்றன, இன்று 19ஆம் நாள். அவை இரண்டும் இறங்கி, பாறைகளைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு கடைசியாக மஞ்சள் போகும்.