முதுமையில் இதயம் ஏன் விறைக்கிறது?

திருகோணமலையில் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் முதியவர்கள் பாதிவழியில் நின்று மூச்சு வாங்குவதுண்டு. இதயத்தில் பலம் போய்விட்டது என்பார்கள். இரத்தச்சோகை, நுரையீரல் என வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் நோயற்ற எண்பது வயது இதயம், ஓய்வில் இருக்கையில் இளைஞனின் இதயத்தைப் போலவே நன்றாகச் சுருங்குகிறது. அது தடுமாறுவது தளர்வதில்தான்.

கருவின் நான்காவது வாரத்தில் வெறும் குழாயாகத் துடிக்கத் தொடங்குவது, வளைந்து மடிந்து நான்கு அறைகளாகிறது. பிறக்கும்வரை, கீழே உள்ள இரண்டு அறைகளான இதயவறைகளின் சுவர்களும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. முதல் மூச்சோடு நுரையீரல் விரிய, வலப்பக்கத்தின் சுமை குறைகிறது. உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளும் இடப்பக்கம் தடித்துக்கொண்டே போகிறது. வளர்ந்தவரில் அது ஏறத்தாழ 1 சென்டிமீற்றர், வலச்சுவர் அதில் மூன்றில் ஒன்று.

அந்தச் சுவருக்குள் இருக்கும் அமைப்புத்தான் என்னை வியக்க வைக்கிறது. உட்புறத் தசைநார்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வெளிப்புறத்தவை எதிர்ப்பக்கம்; இடையில் உள்ளவை படிப்படியாகத் திரும்பும். ஆகவே இதயம் வெறுமனே ஒடுங்குவதில்லை. கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிட்டுச் சாரத்தைப் பிழிவதுபோல் முறுக்கிப் பிழிகிறது. முறுக்கு அவிழும் வேகத்தில் அடுத்த குருதியை உறிஞ்சிக்கொள்கிறது.

பிறந்த சில காலத்தில் தசைக்கலங்கள் பிரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. பிறகு இதயம் வளர்வது கலங்கள் பருப்பதால். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த காபன்-14 என்னும் கதிரியக்கக் காபனைக் கொண்டு கலங்களின் வயதைக் கணித்த சுவீடன் ஆய்வாளர்கள், 25 வயதில் ஆண்டுக்கு 1 வீதமும் 75 வயதில் 0.45 வீதமுமே புதுப்பிக்கப்படுவதாக 2009இல் காட்டினர்.

ஆகவே இறந்த கலங்களின் இடம் பெரும்பாலும் நிரம்புவதில்லை. மிஞ்சியவை பருக்கின்றன; இடைவெளிகளில் கொலாஜன் என்னும் புரத நார்கள் சேர்ந்து ஒன்றோடொன்று பிணைய, சுவர் விறைக்கிறது. சுருங்கிய கலம் தளர, உள்ளே பாய்ந்த கல்சியத்தை அகற்றவேண்டும். அந்த வேலையும் மந்தமாகிறது. இதயவறை தானாக நிரம்புவது குறைய, மேலே உள்ள சோணையறை கடைசியில் ஒரு தள்ளுத் தள்ளி ஈடுசெய்கிறது. சோணையறையின் துடிப்பு ஒழுங்கு தவறி வெறும் நடுக்கமானால் அந்தத் தள்ளு இல்லாமற்போகிறது. இளைஞர் இதை ஓரளவு தாங்குவார். முதியவருக்கோ, சுருங்கும் ஆற்றல் நன்றாக இருக்கிறதென்று ஸ்கேன் சொன்னாலும், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு முட்டும்.