பெங்குவினுக்கு ஏசி மட்டும் போதுமா?

மும்பை பைகுல்லா மிருகக்காட்சிசாலைக்குப் போய்வந்தவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், நம்ம வெயிலுக்கு அந்தப் பெங்குவினெல்லாம் தாங்குமா?" என்பதுதான். நான் நாள் முழுக்கக் கோழிகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவர். பெங்குவினைத் தொட்டு வைத்தியம் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பறவைகளுக்கு வந்த சீக்குகள் பலவும் எனக்குப் பழக்கமானவை. கோழிப்பண்ணையில் வாரம் தவறாமல் பார்ப்பவை.

வெயில் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அங்கே இருப்பவை ஹம்போல்ட் பெங்குவின்கள். பெரு, சிலி நாடுகளில், பாலைவனத்தை ஒட்டிய கடற்கரைகளில் வாழ்கிற இனம். கடல்நீர் சில்லென்று இருக்கும், கரையில் வெயில் அடிக்கும், பனிக்கட்டி கிடையாது. பைகுல்லாவில் அறையைச் சுமார் 16 முதல் 18 டிகிரியில் வைக்கிறார்கள். அது ஏசி போட்டால் முடிகிற காரியம்.

முடியாத காரியம் வேறு. 2016 ஜூலையில் சியோலிலிருந்து எட்டுப் பறவைகள் மும்பையில் வந்து இறங்கின. அப்போது காட்சிக்கூடம் தயாராகவில்லை. தனிமைப்படுத்தும் அறையிலேயே மாதக்கணக்கில் இருந்தன. அக்டோபர் 23ஆம் தேதி 'டோரி' என்ற பெண் பறவை இறந்தது. பிரேதப் பரிசோதனையில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாத் தொற்று என்று வந்தது. குடலிலும் தண்ணீரிலும் சாதாரணமாகவே இருக்கிற வகைக் கிருமிகள் இவை. திடமான பறவையை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, அலைச்சலிலும் இடமாற்றத்திலும் எதிர்ப்புச்சக்தி இறங்கும்போது ஏறி உட்காரும். டோரிக்கு அது எங்கிருந்து தொற்றியது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் வீடு கட்டி முடிப்பதற்குள் குடிவைத்தது தப்பு என்று சொல்ல மருத்துவப் படிப்புகூடத் தேவையில்லை. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் விளக்கம் கேட்டது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2017 மார்ச்சில்தான் மக்களுக்குத் திறந்தார்கள். அதே வருடம் ஐந்து ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய் ஆனது.

2018 ஆகஸ்ட் 15 அன்று அங்கே ஒரு குஞ்சு பொரிந்தது. இந்தியாவில் பொரிந்த முதல் பெங்குவின் குஞ்சு. ஒரே வாரத்தில் இறந்துவிட்டது. மஞ்சள் கரு கரையாமல் தங்கியதும் ஈரல் செயலிழந்ததும் காரணம் என்றார்கள். இதற்காகப் பூங்காவைத் திட்டியவர்களோடு நான் சேரமாட்டேன். முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன்பு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். முதல் சில நாட்களுக்கு அதுதான் கட்டுச்சோறு. அது கரையாமல் நின்றால் உள்ளேயே கெட்டுவிடும். குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வரும் இறந்த கோழிக்குஞ்சுகளைத் திறந்தால், வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக, உள்ளே பச்சையும் பழுப்புமாக நாற்றமடிக்கிற நீர். லட்சக்கணக்கில் பொரிக்கிற, எல்லா வசதியும் உள்ள இடத்திலேயே இது நடக்கிறது. முதன்முதலாகக் குஞ்சு எடுத்த ஜோடிக்கு நடந்ததில் ஆச்சரியமில்லை.

நான் உண்மையில் பயப்படுவது காற்றைப் பார்த்து. ஈர உமியைப் பரப்பிய கொட்டகையில் கோழிக்குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைதான் எனக்கு முதல் சந்தேகம். கடற்காற்றில் வாழ்ந்து பழகிய பெங்குவினின் நுரையீரலுக்கு இந்தப் பூஞ்சை வித்துக்களைச் சமாளிக்கும் சாமர்த்தியம் குறைவு. பறவைகளுக்கு நுரையீரலோடு இணைந்திருக்கும் காற்றுப் பைகளுக்குள் படை படையாக வளரும். பறவையோ நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது பாதி நேரம் கைமீறியிருக்கும். மருந்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஆகவே மூடிய அறையில் வைத்தால், குளிரோடு சேர்த்துக் காற்றை வடிகட்டவும் மாற்றவும் வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர் கண்ணில் படாத செலவு அது. 2021இல் மும்பை மாநகராட்சி மூன்று வருடப் பராமரிப்புக்கு 15 கோடி ரூபாய் அளவில் டெண்டர் விட்டபோது எழுந்த சண்டையில், அந்தப் பணத்தில் காற்று வடிகட்டிக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அடுத்தது கால். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1934இல் கட்டிய பெங்குவின் குளம் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடம். சுழன்று இறங்கும் கான்கிரீட் சாய்தளங்கள் பார்க்கக் கொள்ளை அழகு. அந்தக் கடினத் தரையில் நடந்த பறவைகளுக்குப் பாதத்தில் புண் வந்தது. 2004இல் பெங்குவின்களை வெளியேற்றினார்கள், திரும்ப விடவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிக்கவும் முடியவில்லை, காலியாகக் கிடக்கிறது. சிமென்ட் தரையில் நிற்கிற கனத்த சேவலுக்கு உள்ளங்கால் வீங்கி, நடுவில் கறுப்புப் பொருக்குக் கட்டுமே, அதே நோய்தான். கீறினால் கட்டிச் சீழ். நீந்தாமல் ஒரே இடத்தில் நிற்கிற பெங்குவினுக்குச் சீக்கிரம் வரும்.

அதே லண்டனில், திறந்தவெளியில் வைத்திருந்த ஆறு ஹம்போல்ட் பெங்குவின்கள் 2012இல் பறவை மலேரியாவில் இறந்தன. கொசு பரப்புகிற நோய், மனிதருக்கு வராது. இந்த ஒரு விஷயத்தில் பைகுல்லாவின் மூடிய கூடம் பாதுகாப்பு.

நியாயமாகச் சொன்னால் மும்பை தேறிவிட்டது. 2021இல் இரண்டு குஞ்சுகள் பிழைத்தன. அதன் பிறகு பெங்குவின்களின் எண்ணிக்கை இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. அதைக் காட்டி மற்ற ஊர்க்காரர்கள் "எங்களுக்கும் பெங்குவின் வேண்டும்" என்று கிளம்பினால், மீன் எங்கிருந்து வரும், உறையவைத்த மீனில் அழிந்துபோகும் வைட்டமின் பி1ஐ மாத்திரையாகச் செவுளுக்குள் செருகித் தினமும் ஊட்ட ஆள் யார், ராத்திரி கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடியைத் தட்டாதீர்கள், ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். திறந்த குளமாக இருந்தால் காசு போடாதீர்கள். பளபளப்பானதை விழுங்கிவிடும், நாணய உலோகம் வயிற்றில் கரைந்தால் விஷம். பெங்குவின் வருடத்துக்கு ஒருமுறை எல்லா இறகையும் இரண்டு மூன்று வாரத்தில் உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கவிடும். அப்போது தண்ணீரில் இறங்காது, சரியாகச் சாப்பிடாது, மூலையில் பிய்ந்த பஞ்சு மாதிரி நிற்கும். அதைப் படமெடுத்து "சித்திரவதை" என்று வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் காப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற பறவையையோ, ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிற பறவையையோ கண்டால் உடனே அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.