நகையை அடகு வைக்கும் முன்பே வாருங்கள்

சிங்கப்பூரில் நாங்கள் நடத்தும் குடும்பச் சேவை நிலையத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வழியில் நடந்துதான் வந்து சேர்கின்றன. சம்பளம் நின்றதும் நகை, லிட்டில் இந்தியாவின் தேக்கா அடகுக் கடைக்குப் போகிறது. அடுத்து மச்சானிடமோ சித்தப்பாவிடமோ கைமாற்று. பிறகு கடன் அட்டை, அதற்கும் பிறகு உரிமம் பெற்ற கடன் நிறுவனம். அங்கும் கதவு மூடினால் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியை நம்பி ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர். அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கும் சமூகச் சேவை அலுவலகத்தின் நினைவு வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். முதலில் போயிருக்க வேண்டிய இடம் அது.

ஏன் என்று கேட்டால் "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூட உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப்போவதில்லை.

இந்தத் தயக்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்ப்போம். அடகுக் கடையில் சட்டப்படி மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டிதான். நகையை மீட்க 6 மாதத் தவணையும் உண்டு. இருக்கும் கடன்களில் கெடுதல் குறைந்தது அதுவே. உரிமம் பெற்ற கடன் நிறுவனம் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வாங்கலாம். அதை ஆண்டு வட்டி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கடன் என்றால், நிர்வாகக் கட்டணமாக 10 விழுக்காடு, அதாவது 300 வெள்ளி வரை எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி வரை அபராதம், தாமத வட்டி வேறு. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பு வரை போனால்கூட 3,000 வெள்ளிக்கு 6,000 கட்டியிருப்பீர்கள். ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைவான குடிமக்கள் எல்லா நிறுவனங்களிலும் சேர்த்து 3,000 வெள்ளிதான் வாங்க முடியும். அந்த வரம்பு தீர்ந்த வாரத்தில்தான் ஆலோங்கின் செய்தி கண்ணில் படுகிறது.

உரிமம் பெற்றவர்கள் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ ஆள் பிடிக்கக் கூடாது. உங்கள் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவோ சிங்பாஸ் எனும் அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கவோ கூடாது. இதில் எதைச் செய்தாலும் அவர் ஆலோங் அல்லது மோசடிக்காரர். வட்டியைவிட எனக்குக் கவலை தருவது அடுத்த கட்டம். பணம் கட்ட முடியாதவரிடம் "உன் ஏடிஎம் அட்டையைக் கொடு, கடனைக் கழித்துக்கொள்கிறேன்" என்பார்கள். கொடுத்த மறுநாளே கடனாளி குற்றவாளி ஆகிவிடுகிறார். உரிமமின்றிக் கடன் கொடுப்பதற்கு உதவினால், முதல் குற்றத்துக்கே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை விதிக்கலாம்.

சமூகச் சேவை அலுவலகத்தில் கிடைப்பது காம்கேர் எனும் அரசாங்க நிதியுதவி. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் இது. குடியிருப்புப் பேட்டைகளில் இந்த அலுவலகங்கள் 2013 முதல் வந்தன. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், மத்திய சேம நிதி விவரம், பாக்கிக் கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பயத்தில் பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதங்களையும் அப்படியே கொண்டு போகலாம். வருமான வரம்பைத் தாங்களே கணக்கிட்டுப் பார்த்து, "நமக்குக் கிடைக்காது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதிகாரிகள் குடும்பத்தின் முழு நிலைமையையும் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: காம்கேர் அன்றாடச் செலவுக்கானது, கடன் அடைக்க அல்ல. வங்கிக் கடனும் கடன் அட்டைப் பாக்கியும் குவிந்திருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் திருப்பிக் கட்டும் திட்டம் வகுத்துத் தருகிறது.

மருத்துவமனைக் கட்டணத்துக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்த வேண்டாம். அங்குள்ள மருத்துவ சமூக ஊழியரிடம் 1993 முதல் இருந்துவரும் மெடிஃபண்ட் பற்றிக் கேளுங்கள்; கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதி அது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்குப் பள்ளி அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

சம்பளச் சீட்டில் மாதாமாதம் சிண்டா எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குச் சில வெள்ளி பிடிக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். 1991இல் தொடங்கிய அந்த அமைப்பு துணைப்பாட வகுப்பு மட்டுமே நடத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் குடும்பச் சேவை நிலையமும் இருக்கிறது. பல வருடம் பணம் கட்டியவர் ஒருநாள் அங்கே உதவி கேட்டால் அதில் என்ன கூச்சம்?

வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் நம் ஊர்த் தம்பிகளின் நிலை வேறு. காம்கேர் அவர்களுக்கானதல்ல. சம்பளம் தராவிட்டால் டிஏடிஎம் எனப்படும், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பிடம் முறையிட வேண்டும்: வேலையில் இருந்தால் 1 ஆண்டுக்குள், வேலை போயிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். "முதலாளி அடுத்த மாதம் தருகிறேன் என்றார்" என்று காத்திருந்தே அந்த 6 மாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். வேலை செய்த மணி நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையமும், அவர்களுக்காக இயங்கும் டிடபிள்யுசி2 எனும் தொண்டு அமைப்பும் வழிகாட்டும். டிடபிள்யுசி2 தொடங்கிய கஃப் ரோடு திட்டம் 2008 முதல் லிட்டில் இந்தியாவில் வேலையிழந்த ஊழியர்களுக்கு இலவசமாக உணவு தருகிறது.

அக்கம்பக்கத்தார், உறவினர் பங்கு என்ன? கைமாற்றுக் கொடுப்பதும் இரக்கப்பட்டு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் பெரும்பாலும் ஒரு வீட்டுச் சிக்கலை இரண்டு வீட்டுக்கு ஆக்குகின்றன. அதற்குப் பதில் விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள். நேர்காணல் அன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அக்காவோ அண்ணனோ கூடவே வந்தால், மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கூட அன்றே வந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

தீபாவளிக்கு அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக் குழுவில் போடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. படத்தில் நின்ற வீட்டார் அடுத்த முறை பட்டினி கிடப்பார்களே தவிர, கதவைத் திறக்க மாட்டார்கள். கொடுப்பதானால் படமில்லாமல் கொடுங்கள். பண்டிகை முடிந்த மாதத்திலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பள்ளிச் செலவும் பாக்கிகளும் சேர்ந்து நெருக்குவது அப்போதுதான்.

காம்கேர் எண் 1800-222-0000. அழைக்கத் தயங்குபவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எண்ணை அழுத்திக் கொடுங்கள். பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள்.