ஒரே வேன், மூன்று அறிக்கை: விடுமுறைக் கூட்டாய்வில் எங்கே பிசகுகிறது?

பல்கலைக்கழக விடுமுறை விட்டதும் புவிச்சரிதவியல் (நிலவியல்), விவசாயம், சமூகவியல் என மூன்று துறை விரிவுரையாளர்கள் மண்சரிவு ஆய்வுக்காக ஒன்றாக இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போகிறார்கள். ஒரே வேனில் போய், ஒன்றோடொன்று பொருந்தாத மூன்று அறிக்கைகளோடு திரும்புகிறார்கள்.

மண் எடுப்பவர் தேயிலை மலையின் (கொழுந்து பறிக்கும் நிலப்பகுதியின்) இலக்கத்தைக் குறிப்பார். வீடு வீடாகப் போகிறவர் அரசின் நிர்வாக அலகான கிராம சேவகர் பிரிவை எழுதுவார். இரண்டையும் பிறகு இணைக்க வழியே இல்லை. டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), லயம் (தொழிலாளர் வரிசைவீடு), காம்பிரா (லயத்தில் ஒரு குடும்பத்தின் வீடு) இலக்கங்களைச் சேர்த்த ஒரே குறியீட்டைப் புறப்படுமுன் முடிவுசெய்து, மண் பையிலும் வினாக்கொத்திலும் அதையே எழுதுங்கள்.

அடுத்தது மழைக் கணக்கு. காலை 8.30க்கு அளப்பது முந்தைய 24 மணி நேர மழை. ஆகவே ஞாயிறு இரவு கொட்டியது திங்கள் வரியில் இருக்கும். "ஞாயித்துக்கிழமை ராவு சுவர் வெடிச்சிச்சு" (விரிசல் விட்டது) என்ற வாக்குமூலத்தை அப்படியே ஞாயிறு வரியோடு சேர்த்தால், மழைக்கு முன்பே சுவர் வெடித்ததாகிவிடும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வரம்புகள் 24 மணி நேரத்துக்கு 75, 100, 150 மி.மீ. என்பதால் ஒரு நாள் பிசகு சின்ன விஷயமல்ல. தோட்டத்தின் பழைய மழைப் பேரேடுகளில் அங்குலக் கணக்கு இருக்கலாம், அங்குலத்துக்கு 25.4 மி.மீ.

பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வடிந்து விழும் தண்ணீர்) கலங்குவது, திடீரென நிற்பது, புது இடத்தில் ஊற்றுப் புறப்படுவது மூன்றுமே சரிவுக்கான அறிகுறிகள். வினாக்கொத்தில் இது 'குடிநீர்ப் பிரச்சினை' என்ற கட்டத்துக்குள் போய் அடங்கிவிடும். புவிச்சரிதவியலாளர் கண்ணில் படவே படாது. எந்தப் பீலி, எந்த மாதம், எத்தனை நாள் என்று கேட்டு, அன்றே அவரையும் அந்த இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். கேட்பதும் பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்த பிறகுதான். காலை பத்து மணிக்குப் போனால் பீலியில் தினமும் குடம் பிடிக்கும் பெண்கள் மலையில் இருப்பார்கள். தோட்டத் தலைவரையோ வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையையோ பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்டால் கிடைப்பது அவர்கள் பதில்தான்.

விடுமுறை ஆகஸ்டில் விழுந்தால் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை நடக்கும். ஆனால் ஊவாவில் உள்ள மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29இல். ஊவாவில் ஆகஸ்ட் மாதம் மட்டும் பார்த்துவிட்டு 'ஆபத்தில்லை' என்று எழுதுவது அநியாயம். நிலவெடிப்பின் இரு பக்கமும் முளைக்குச்சி அடித்து, இடைவெளியை மில்லிமீற்றரில் எழுதி வைத்து, மழை தொடங்கிய பின் வாரம் ஒருமுறை அளக்கத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரோடு பேசிவையுங்கள். வெடிப்பு விரிந்தால் யாருக்கு முதலில் அழைப்பது என்பதையும் தொலைபேசி இலக்கத்தோடு அதே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.