டிஸ்புரோசியத்தைப் பிரிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களை ஏற்றுமதி செய்ய உரிமம் கட்டாயம் என்று 2025 ஏப்ரலில் சீனா அறிவித்தது. அடுத்த மாதமே ஃபோர்டின் சிகாகோ கார் ஆலையில் இந்தத் தனிமங்கள் சேர்ந்த காந்தங்கள் கிடைக்காமல் ஒரு வாரம் வேலை நின்றது. ‘ஆஸ்திரேலியாவில்தான் சுரங்கம் இருக்கிறதே, தோண்டிக்கொள்ள வேண்டியதுதானே?’ என்று ஒரு வாசகர் கேட்கிறார். தோண்டலாம். சிக்கல் தோண்டிய பிறகுதான்.

தாதுவை அமிலத்தில் கரைத்தால் லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை அரிய மண் தனிமங்கள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து நிற்கும். எல்லாமே பெரும்பாலும் மூன்று எலக்ட்ரானை இழந்த அயனிகள். புதிதாகச் சேரும் எலக்ட்ரான்கள் 4f என்ற உள்கூட்டில் போய் ஒளிந்துகொள்வதால், வெளியிலிருந்து பார்க்கும் வேதிப்பொருளுக்கு எல்லாம் ஒரே முகம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: அணு எண் ஏற ஏற, அயனி துளித் துளியாகச் சுருங்குகிறது. லாந்தனத்தின் ஆரம் சுமார் 103 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), லுட்டீசியத்துக்கு 86. பதினாலு படிகளில் மொத்தமே 17!

அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் மொத்தத் தொழிலும் ஓடுகிறது. மண்ணெண்ணெயில் பாஸ்பரஸ் சேர்ந்த ஒரு கரிம அமிலத்தைக் கரைத்து, தாதுக் கரைசலோடு கலக்குகிறார்கள். சின்ன அயனியை அது கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும். கலக்குவதை நிறுத்தினால், பிடித்த அயனிகளோடு எண்ணெய் மேலே மிதக்கும். பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள் இரண்டில், பெரியதோடு ஒப்பிட்டால் சின்னதன் விகிதம் நீரைவிட எண்ணெயில் ஏறக்குறைய இரு மடங்கு, அவ்வளவுதான். அதனால் மறுபடி கலக்கு, மறுபடி தெளியவிடு. எண்ணெய் ஒரு பக்கம், நீர் எதிர்ப்பக்கம் என்று நூற்றுக்கணக்கான தொட்டிகள் வழியாக ஓடுகின்றன. ஒரு தொட்டியில் அமிலத்தன்மை பிசகினால் அடுத்தடுத்த தொட்டிகளும் கெடும்; வரிசை முழுவதும் நிலைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும்.

எத்தனை தொட்டி, எவ்வளவு ஓட்டம் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடும் கோட்பாட்டை 1970களில் உருவாக்கியவர் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் ஷூ குவாங்ஷியன். இன்று உலகச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் சீனாவிடம் இருப்பதற்கு மலிவு விலையும் தளர்வான சுற்றுச்சூழல் விதிகளும் காரணம்தான். ஆனால் காகிதத்தில் போட்ட அந்தக் கணக்குக்கு நாம் தரும் மதிப்பு குறைவு. இதெல்லாம் எதற்கு என்று ஆராய்ச்சி நிதியை வெட்டும் நாடுகள் கவனிக்க வேண்டும்.

சரி, மாற்று? ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனம் 2025 மே மாதம் மலேசியாவின் குவாந்தான் அருகே டிஸ்புரோசியம் ஆக்சைடைப் பிரித்தெடுத்துவிட்டது. தாது ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்திலிருந்து வருகிறது. கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த கழிவோ மலேசியாவில் தங்குகிறது. அதை எதிர்த்துப் பல வருடப் போராட்டம் நடந்த பிறகுதான், தாதுவை உடைத்துக் கரைக்கும் வேலைக்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியிலும் ஓர் ஆலை வந்தது.